திருத்து: பிழைக்கு முந்தைய சொல்

ஆத்திசூடியின் சகர வரிசையில் வரும் ‘செய்வன திருந்தச் செய்’ என்பதைப் பள்ளியில் ஒப்பிக்காத தமிழர் குறைவு. தவறு நேர்ந்தால் திருத்திக்கொண்டு செய் என்று பலர் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். ஔவையார் சொல்வது வேறு. கையில் எடுத்த வேலையைக் குறை வைக்காமல் செம்மையாகச் செய் என்கிறார். அந்த வரியில் பிழையும் இல்லை, பிழை செய்தவரும் இல்லை. ‘திருந்த’ என்றால் அங்கே ‘நன்றாக அமையும்படி’ என்றுதான் அர்த்தம்.

இன்றைக்குத் திருத்து என்று கேட்டதும் விடைத்தாளும் சிவப்பு மையும்தான் கண்முன் வருகின்றன. அது இந்த வினையின் ஒரு கிளை, அதுவும் பின்னால் தழைத்த கிளை. ஒரு பொருளை அது பயன்படும் வடிவத்துக்குக் கொண்டுவருவதே அடிப்பொருள். காடு வயலாவதும், காய் கறியாவதும், கையெழுத்துப் படி புத்தகமாவதும் இதற்குள் அடங்கும். பேச்சில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘பொண்ணு முகம் திருத்தமா இருக்கு’ என்றால் யாரும் அறுவை சிகிச்சையை நினைப்பதில்லை. ‘திருத்தமாச் சொல்லு’ என்றால் தெளிவாக, அறுத்து உறுத்துச் சொல் என்று பொருள்.

திருந்து, திருத்து இரண்டும் இரட்டை. மெல்லினம் இருந்தால் தன்வினை, அது வல்லினமானால் பிறவினை. வருந்து–வருத்து, பொருந்து–பொருத்து, அருந்து–அருத்து எல்லாம் இதே அச்சு. திரும்பு–திருப்பு, அடங்கு–அடக்கு என்று மற்ற இனங்களிலும் இதே வேலை நடக்கிறது. ஒரு புள்ளி வைத்த எழுத்து மாறினால் பொறுப்பு ஆள் மாறிவிடுகிறது. திருந்தினான் என்றால் அவனே. திருத்தினான் என்றால் வேறொருவன், வேறொன்றை. இரண்டுக்கும் நடுவில் ‘திருந்தவை’ என்ற ஒன்றும் புழங்குகிறது. மனிதர்களைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் அதைத்தான் தேர்கிறோம். ‘மகனைத் திருத்தினார்’ என்பதைவிட ‘மகனைத் திருந்தவைத்தார்’ என்பதில் மகனுக்கும் கொஞ்சம் பங்கு கிடைக்கிறது.

திராவிட மொழிகளில் இந்தச் சொல்லுக்கு உறவு நிறைய. மலையாளத்தில் அப்படியே திருத்து. பழங்கன்னடத்தில் திர்து, பிறகு ரகரம் கரைந்து தித்து. கன்னடத்தில் ‘இர்து’ என்பது ‘இத்து’ ஆனதும் இதே வழியில்தான். இரண்டிலும் பின்னால் வரும் தகரங்கள் மெலிந்து ஒலிக்கும். தெலுங்கிலும் தித்து, ஆனால் முதல் தகரமே ‘தேவி’ என்பதில் வரும் தகரம். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இவற்றையெல்லாம் ஒரே பதிவில் வைக்கிறது. தெலுங்கில் இதன் பயன்பாட்டைக் கவனித்தால் அடிப்பொருள் இன்னும் துலங்கும். பொட்டு வைப்பதற்கும் இதே வினை. குழந்தை எழுத்தின் மேலேயே எழுதிப் பழகுவதற்கும் இதே வினை. அதிலிருந்து பிறந்த ‘தித்துபாட்டு’ என்ற பெயர்ச்சொல், 1910இல் குரஜாட அப்பாராவ் எழுதிய சிறுகதைக்குத் தலைப்பாயிற்று. நவீனத் தெலுங்குச் சிறுகதை அங்கிருந்து தொடங்குகிறது என்பார்கள். கன்னடத்தில் சட்டத் திருத்தம் ‘தித்துபடி’.

‘திரு’ ஆக்குவதால் திருத்து என்று மேடைகளில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கன்னடத்திலும் தெலுங்கிலும் உள்ள உறவுச் சொற்களில் தெய்வத்தன்மையும் இல்லை, செல்வமும் இல்லை. ஒழுங்குபடுத்துவதும் அழகுபடுத்துவதும்தான் இருக்கின்றன. சொற்பிறப்பு என்று அதைச் சொல்வதைவிட, ஓசை நயம் என்று ரசித்துவிட்டுப் போகலாம். கவிஞர்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், கீழே வருகிறேன்.

சங்கப் பாடல்களில் இந்த வினை பெரும்பாலும் அடையாகவே வருகிறது. திருந்திழை, திருந்தடி, திருந்திலை நெடுவேல். கலித்தொகையில் தோழியை ‘திருந்திழாய்’ என்று விளிக்கிறார்கள். நன்றாகச் செய்யப்பட்ட நகையை அணிந்தவளே என்று பொருள். கொல்லன் வடித்து முடித்த வேலின் இலை, அளவாக அமைந்த பாதம் இவற்றுக்கும் அதே அடை. எதிலும் முன்பு ஒரு கோணல் இருந்ததாகவும் பின்பு அது நிமிர்ந்ததாகவும் குறிப்பில்லை. முழுமையடைந்த நிலை மட்டுமே பேசப்படுகிறது.

நிலம்

இந்த வினை இன்னும் முழு வலுவோடு இருக்கும் இடம் வேளாண்மை. ‘தரிசைத் திருத்தினார்’ என்ற இரண்டு சொல்லுக்குள் பல பருவத்து உழைப்பு இருக்கிறது. முள்ளையும் புதரையும் வெட்டுவது, வேரோடு கட்டை பறிப்பது, கல் பொறுக்குவது, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு மட்டம் பார்ப்பது, வரப்புக் கட்டுவது, நீர் வர வாய்க்காலும் போக வடிகாலும் எடுப்பது, பரம்படிப்பது. இதில் எது விட்டாலும் நிலம் பண்படாது. வரிசை மாறினாலும் சிக்கல்தான். மட்டம் பார்க்கும் முன் வரப்புப் போட்டால் வரப்பை இரண்டு முறை போட வேண்டிவரும். மேல்மண்ணைத் தனியாக ஒதுக்காமல் இயந்திரம் விட்டு மேட்டை வழித்தால், வெட்டுப்பட்ட பகுதியில் அடிமண் மேலே வந்து சில ஆண்டுகளுக்குப் பயிர் மஞ்சளாகவே நிற்கும்.

களர், உவர் நிலங்களைத் திருத்துவது தனிக் கலை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் செய்வதுதான் பணம் வீணாகும் முதல் இடம். உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டும், கார அமில நிலை (pH) 8.5க்குள் நிற்கும், வெயிலில் மண்மேல் வெள்ளை பூக்கும். களர் நிலத்தில் உப்பைவிடச் சோடியம்தான் பகை. களிமண் துகள்களில் ஒட்டிய சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும், கார அமில நிலை 8.5க்கு மேல் போகும். நனைந்தால் சேறாகக் குழையும், காய்ந்தால் கல்லாக இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காது. இரண்டு குணமும் சேர்ந்த நிலமும் உண்டு.

ஆகவே முதல் வேலை மண் பரிசோதனை. வயலின் பல இடங்களில் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்து, அதன் பக்கச் சுவரிலிருந்து மண் சீவி, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைக் கழித்துக்கொண்டே வந்து அரை கிலோவாக்கி அனுப்ப வேண்டும். வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மர நிழல் இவற்றில் எடுக்கக் கூடாது. அறிக்கையில் ‘ஜிப்சம் தேவை’ என்று ஓர் எண் வந்தால் அது களர். வராமல் மின்கடத்துதிறன் மட்டும் உயர்ந்திருந்தால் அது உவர். அதற்கு ஜிப்சம் போடுவது வீண். நல்ல தண்ணீரைக் கட்டி வடித்தாலே போதும்.

களருக்கு முறை இது. வயலைச் சிறு பாத்திகளாகப் பிரித்து நன்றாக மட்டப்படுத்த வேண்டும். மேடாக விடப்பட்ட திட்டில் நீர் நிற்காது, அங்கே உப்பு தங்கிவிடும். வயல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய இரண்டடி ஆழத்தில் வடிகால் வேண்டும். நெல்லுக்குப் பரிசோதனையில் வந்த ஜிப்சம் தேவையில் பாதியைப் பரிந்துரைப்பார்கள். அதைச் சீராகத் தூவி மேல் 10 செ.மீ. மண்ணோடு கலந்து, நான்கைந்து அங்குலம் தண்ணீர் கட்டிச் சில நாள் நிறுத்தி வடிக்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் களித்துகளில் இருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். வெளியேறிய சோடியம் சல்பேட்டாகி நீரில் கரையும். வடிநீரோடு அது வயலை விட்டுப் போனால்தான் வேலை முடிந்தது. அடுத்து ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப்பயிர்) விதைத்து, 45 நாளில், தண்டு முற்றும் முன், மடக்கி உழ வேண்டும். முதல் நெல்லுக்குத் திருச்சி 1, திருச்சி 3 போன்ற தாங்கும் ரகங்களை எடுத்து, குத்துக்கு இரண்டு நாற்றுக்குப் பதில் மூன்று நான்காக நடலாம். களரில் துத்தநாகம் பயிருக்கு எட்டாது. மற்ற வயலுக்கு இடும் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டைவிடக் கொஞ்சம் கூட்டிப் போடுவது வழக்கம்.

கெட்டுப்போகும் விதங்களும் தெரிந்தவைதான். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போட்டால் சோடியம் வயலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். கோடையில் நீர் ஆவியாகும்போது மேலே ஏறும். களருக்கு ஜிப்சம் இல்லாமல் வெறும் தண்ணீர் கட்டி வடித்தால், இருந்த கொஞ்சம் உப்பும் போய், களி இன்னும் குழைந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். முன்னைவிட மோசம். மூன்றாவது, அதிகம் பேசப்படாதது: ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே சோடியம் கார்பனேட், பைகார்பனேட் மிகுதியாக இருந்தால் திருத்திய நிலம் அந்த நீராலேயே மறுபடி களராகும். மண்ணோடு தண்ணீரையும் சேர்த்துச் சோதிப்பதுதான் சிக்கனம்.

அடுக்களை

காய் நறுக்குவதற்குத் திருத்து என்ற சொல் வைணவ இல்லங்களில் இன்றும் உண்டு. சமையல் தளிகை, ரசம் சாற்றமுது, பொரியல் கறியமுது என்று போகும் அந்தப் பேச்சில், பெருமாளுக்குப் படைக்கப்போகும் பொருளை வெட்டு, அரி, நறுக்கு என்று சொல்ல மனம் வருவதில்லை. காய் திருத்துகிறார்கள். இதை வெறும் இடக்கரடக்கல் என்று ஒதுக்கினால் ஒன்றை விட்டுவிடுவோம். நறுக்குவது கத்தியின் வேலை மட்டும். திருத்துவதில் கழுவுவது, காம்பும் வாலும் எடுப்பது, தோல் சீவுவது, நார் உரிப்பது, சொத்தை கழிப்பது, பிறகு ஒரே அளவில் துண்டு போடுவது எல்லாம் சேர்ந்திருக்கின்றன.

வாழைப்பூவைப் பாருங்கள். ஒவ்வொரு பூவிலும் நடுவில் மொட்டுத் தலையோடு நிற்கும் வேகாத நரம்பை (கள்ளன் என்பார்கள்) இழுத்தெடுக்க வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற சிறு மடலையும் கிள்ள வேண்டும். உடனே மோர் கலந்த தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். வாழைத்தண்டை வட்டமாக அரியும்போது ஒவ்வொரு வட்டுக்கும் விரலில் நாரைச் சுற்றி எடுக்க வேண்டும், அதற்கும் மோர்த்தண்ணீர்தான். வாழைக்காய், பலாக்காய் என்றால் கையிலும் அரிவாள்மணையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பால் பிசின் போகாது. வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து ஈரம் காய்ந்த பிறகே அரிய வேண்டும். அரிந்துவிட்டுக் கழுவினால் கொழகொழவென்று ஆகும். கீரைக்கு மட்டும் இந்தச் சொல் பொருந்தாது. கீரையை ஆய்வார்கள். ஆய்வு, ஆய்வாளர், ஆராய்ச்சி எல்லாம் அந்த முறத்திலிருந்து எழுந்து போனவைதான்.

வைணவ வழக்கில் இந்த வினை அடுக்களையோடு நிற்கவில்லை. கண்ணிநுண் சிறுத்தாம்பின் பத்தாம் பாட்டில் மதுரகவியாழ்வார் தம் ஆசிரியரான நம்மாழ்வாரைப் பாடுகிறார்: ‘பயன் அன்று ஆகிலும் பாங்கு அல்லர் ஆகிலும் செயல் நன்றாகத் திருத்திப் பணிகொள்வான்’. தமக்கு ஒரு பயனும் இல்லையென்றாலும், வந்தவர் தகுதியில்லாதவர் என்றாலும், அவர் செயல் நன்றாகும்படி திருத்தி வேலை வாங்கிக்கொள்பவர். ‘பாங்கு அல்லர்’ என்பதைக் கவனியுங்கள். பாவி என்று சொல்லவில்லை. இன்னும் பாங்குக்கு வரவில்லை என்கிறார். ஆளைத் திருத்துவதிலும் நிலத்தைத் திருத்துவதிலும் ஒரே நோக்கம், பயன்பாடு. பின்னால் இராமானுச நூற்றந்தாதியில் திருவரங்கத்தமுதனார் ‘திருத்தித் திருமகள் கேள்வனுக்கு ஆக்கியபின்’ என்று பாடும்போது, மேலே சொன்ன ஓசை நயம் வந்துவிடுகிறது.

முடி திருத்துவது, புருவம் திருத்துவது இதே குடும்பம். வளர்ந்த முடி பிழையன்று. ‘முடிதிருத்துநர்’ என்ற தொழிற்பெயர் நிலைத்ததற்கு அதிலுள்ள மரியாதையும் ஒரு காரணம். வெட்டுபவர், சிரைப்பவர் என்ற பெயர்களில் அது இல்லை.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும்

தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்கள் முதலில் வியப்பது பலகைகளைப் பார்த்து. ‘வாகனத் திருத்துமிடம்’ என்றால் கராஜ். சைக்கிள் திருத்துவார்கள், வானொலி திருத்துவார்கள், கூரை திருத்துவார்கள். ‘அவசர திருத்த வேலைகள் காரணமாக மின்தடை’ என்று அறிவிப்பு வரும். தமிழ்நாட்டில் அதே செய்தி ‘பராமரிப்புப் பணி’ என்று வரும். நம் ஊரில் இந்த இடத்தை ரிப்பேர் பிடித்துக்கொண்டது. அதற்கு முன் மராமத்து இருந்தது. அது அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியாக அரசு அலுவலகத்துக்கு வந்த சொல். குடிமராமத்தில் இன்னும் இருக்கிறது. பழுதுபார்ப்பு எழுத்தில் மட்டும் வாழ்கிறது. இலங்கைத் தமிழர் பொது வழக்கில் ஒரு தமிழ் வினையைக் கொண்டே இயந்திரம் வரைக்கும் வந்துவிட்டார்கள். இதில் அவர்கள் பக்கம்தான் நான்.

அச்சு

மெய்ப்புத் திருத்துபவர்கள், அதாவது ப்ரூஃப் பார்ப்பவர்கள், இந்த வினையைத் தொழிலாகக் கொண்டவர்கள். ஒரே வாசிப்பில் எல்லாப் பிழையையும் பிடிக்க முடியாது, ஏனென்றால் கண் எழுத்தைப் பார்க்கும்போது பொருள் நழுவும், பொருளைப் பிடிக்கும்போது எழுத்து நழுவும். மூலப்படியை ஒருவர் உரக்க வாசிக்க இன்னொருவர் மெய்ப்பைப் பார்ப்பது முதல் சுற்று. விடுபட்ட வரி இதில்தான் அகப்படும். இரண்டாவது சுற்று எழுத்துக்கும் ஒற்றுக்கும். மூன்றாவது சுற்றில் எண்கள், ஆண்டுகள், தலைப்புகள், பக்கத் தலைப்பு, பொருளடக்கத்தின் பக்க எண்கள் மட்டும். உடலில் ஒரு எழுத்து விடாமல் பார்த்துவிட்டுத் தலைப்பில் பெரிய எழுத்துப் பிழையோடு வந்த நூல்கள் ஏராளம். தலைப்பு சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையே காரணம்.

கணினித் தமிழ் புதிய பிழைகளைக் கொண்டுவந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதவை. ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து நிற்கும். பார்க்க ஒன்றுபோலத்தான் தெரியும், தேடினால் கிடைக்காது. ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து நிற்கும். கௌரி, பௌர்ணமி போன்றவற்றில் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பும் ளகரமும் வரும். ‘ஸ்ரீ’ இரண்டு விதமாக உள்ளே பதிவாகலாம், ஸகரத்தைக் கொண்டும் ஶகரத்தைக் கொண்டும். இவற்றைக் கண்ணால் தேடுவது வீண். கோப்பைத் திறந்ததும் தேடி மாற்றும் வசதியில் இந்த இணைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுவது நல்லது. ‘ஒள’, ‘ெள’ இரண்டிலும் கவனம்: அவற்றை மொத்தமாக மாற்றினால் ‘ஒளி’, ‘வெள்ளம்’, ‘தெளிவு’ எல்லாம் சேர்ந்து கெடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். நாவி, வாணி போன்ற பிழைதிருத்திகள் ஒற்றுக்கும் எழுத்துக்கும் உதவும். ஆனால் ‘பரவை’ என்பதும் ‘பறவை’ என்பதும் சொல்தான். எது வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டும்.

ஒற்றுப்பிழைக்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டாம், இந்த வினையே போதும். திருத்திக் கொடு, திருந்தச் செய், திருத்தப் பணி: மூன்றிலும் மிகும். ‘திருத்திய பதிப்பு’ என்பதில் மிகாது, பெயரெச்சம். ஆனால் நூல்களின் உரிமைப் பக்கத்திலேயே ‘திருத்தியப் பதிப்பு’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். எதைத் திருத்தினார்களோ. ‘பிழை திருத்தம்’, ‘பிழைத்திருத்தம்’ இரண்டும் வழக்கில் உள்ளன. பிழையைத் திருத்துதல் என்ற பொருளில் ஒற்றில்லாமல் எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. சீர்திருத்தம், முடிதிருத்தம் என்றுதானே எழுதுகிறோம், சீர்த்திருத்தம் என்றில்லையே.

பழைய நூல்களின் கடைசியில் பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்தியில் ஒரு தாள் இருக்கும். நூலை வாசிக்கும் முன் பேனாவை எடுத்து அந்தத் திருத்தங்களையெல்லாம் உரிய பக்கங்களில் எழுதிவைப்பது அந்தக் கால வாசகர் செய்த வேலை. பழைய புத்தகக் கடையில் அப்படி ஒரு படி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

விடைத்தாள் திருத்துவது ஒரு வேடிக்கையான திரிபு. பொதுத்தேர்வு முகாமில் யாரும் எதையும் திருத்துவதில்லை; மதிப்பெண் போடுகிறார்கள். வகுப்பு நோட்டில் உண்மையாகவே பிழையைச் சுழித்துச் சரியானதை மேலே எழுதிய வழக்கத்தின் பெயர், எண் மட்டும் போடும் வேலைக்கும் ஒட்டிக்கொண்டது.

பத்திரமும் சட்டமும்

சொத்துப் பத்திரத்தில் சர்வே எண், பரப்பு, நான்கெல்லை, தகப்பனார் பெயர் இவற்றில் எழுத்துப்பிழை இருந்தால் பிழை திருத்தல் பத்திரம் போடுகிறார்கள். மூலப் பத்திரத்தில் கையெழுத்திட்ட இரு தரப்பும் மறுபடி கையெழுத்திட வேண்டும். அதில் மூலப் பத்திரத்தின் எண், ஆண்டு, பதிவான சார்பதிவாளர் அலுவலகம் மூன்றும் வர வேண்டும். பிறகு, இன்ன பக்கத்தில் இன்ன வரியில் இப்படி இருப்பதை இப்படிப் படித்துக்கொள்ள வேண்டும் என்று பிழையையும் திருத்தத்தையும் அருகருகே எழுத வேண்டும். சொத்து விவரத்தை முழுதாக மறுபடி எழுதிச் சேர்ப்பது பாதுகாப்பு. பழைய பத்திரம் செத்துப்போவதில்லை. இரண்டும் சேர்ந்துதான் இனி ஆவணம். வில்லங்கச் சான்றில் இரண்டு பதிவும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே பட்டாவுக்குப் போக வேண்டும்.

இந்தப் பத்திரத்தால் எது ஆகாது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. விற்காத நிலத்தைச் சேர்க்க முடியாது, வாங்கியவரை மாற்ற முடியாது. அவை புதிய கிரயம். விற்றவர் கையெழுத்துப் போட மறுத்தால், இரு தரப்பும் சேர்ந்து செய்த தவறு அல்லது மோசடி என்று காட்டி, 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் பிரிவு 26இன்கீழ் நீதிமன்றத்தில் கேட்கலாம். தாமதிக்கத் தாமதிக்கச் சிக்கல்தான். விற்றவர் காலமானால் எல்லா வாரிசுகளையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

வாக்காளர் பட்டியலில் பெயர், வயது, முகவரி பிழையென்றால் படிவம் 8. தேர்தல் அலுவலகம் பட்டியல் முழுவதையும் மறுபடி சரிபார்ப்பதற்கும் திருத்தம் என்றே சொல்கிறது. ஆண்டுதோறும் நடப்பது சுருக்கமுறைத் திருத்தம், வீடு வீடாகப் படிவம் கொடுத்து எடுப்பது தீவிரத் திருத்தம். படிவம் 8ஆல் நம் பெயரில் ஓர் எழுத்து மாறும். தீவிரத் திருத்தத்தில் படிவம் கொடுக்காவிட்டால் பெயரே போகலாம். ஒரே சொல் என்பதால் சும்மா இருந்துவிடக் கூடாது.

சட்டத் திருத்தம் என்ற தொடரில் ஔவையாரின் பொருள் திரும்ப வருகிறது. இந்திய அரசமைப்பின் முதல் திருத்தம் 1951இல் வந்ததற்குச் சென்னை மாகாணம் ஒரு முக்கியக் காரணம். வகுப்புவாரி இடஒதுக்கீட்டு ஆணை செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, பிரிவு 15இல் (4) என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டது. யாரும் எழுத்துப்பிழை செய்திருக்கவில்லை. நாட்டுக்குத் தேவையான வடிவம் வேறாக இருந்தது. இலங்கையில் ‘பதின்மூன்று’ என்று எண்ணை மட்டும் சொன்னாலே தமிழர்களுக்குப் புரியும். மாகாண சபைகளைக் கொண்டுவந்ததும், தமிழும் அரசகரும மொழி என்றதும் 1987இன் அந்தத் திருத்தம்.

சீர்திருத்தம் என்ற கூட்டுச்சொல்லும் இதே வினையிலிருந்துதான். சடங்கில்லாத மணத்தைச் சீர்திருத்தத் திருமணம் என்று அழைத்துப் பல ஆண்டுகள் நடத்தினார்கள். 1967இல் இந்து திருமணச் சட்டத்துக்குச் சென்னை மாநிலம் கொண்டுவந்த திருத்தம் அதற்குச் சட்டத் தகுதி தந்தது. உற்றார், நண்பர்கள் முன்னிலையில் இருவரும் தமக்குத் தெரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணியலாம், தாலி கட்டலாம். சீர்திருத்தத்தைச் சட்டமாக்க ஒரு திருத்தம் தேவைப்பட்டது. எழுத்துச் சீர்திருத்தம் 1978 அக்டோபரில் அரசாணையாயிற்று: ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசைகள், ணை, லை, ளை, னை ஆக 13 எழுத்துகள். பெரியார் இவற்றை 1935 முதலே தம் இதழில் அச்சிட்டுக் காட்டியிருந்தார். பழைய னையில் தும்பிக்கை இருந்தது தவறில்லை. அச்சுக் கோப்பவருக்கும் தட்டச்சுக்கும் கூடுதல் சுமை, அவ்வளவுதான்.

எந்த வினையை எங்கே

தீர்ப்பதையும் திருத்துவதையும் குழப்புகிறவர்கள் உண்டு. கடன் தீரும், தாகம் தீரும், வழக்கு தீரும். தீர்த்தபின் அந்தப் பொருள் இருக்காது. திருத்தியபின் பொருள் இருக்கும், மேலாக இருக்கும். ‘பிரச்சினையைத் திருத்தினார்’ என்று எழுதினால் காதுக்கு ஒட்டாததற்கு இதுவே காரணம். சாலையையும் கூரையையும் செப்பனிடலாம். இயந்திரத்தைப் பழுதுபார்க்கலாம். கலைந்து கிடப்பதை ஒழுங்குபடுத்தலாம். சரிசெய் என்பது எல்லா இடத்திலும் நுழையும், அதனாலேயே எங்கேயும் துல்லியமாக இருக்காது. செய்தி எழுதுபவர்கள் அதைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது.

திருத்துக்கு ஒரு தனித் தன்மை, செயப்படுபொருளாகக் குறையும் வரலாம், குறையுள்ள பொருளும் வரலாம். பிழையைத் திருத்தினேன், கட்டுரையைத் திருத்தினேன், இரண்டும் சரி. பழுதுபார் அப்படியன்று. அதில் பழுது உள்ளேயே இருப்பதால் வண்டியைத்தான் பழுதுபார்க்க முடியும், ஓட்டையைப் பழுதுபார்க்க முடியாது.

மென்பொருள்களில் எடிட் என்பதற்குப் பலர் திருத்து என்று போடுகிறார்கள். தமிழ் விக்கிப்பீடியா ‘தொகு’ என்று வைத்திருக்கிறது. இருக்கும் ஆவணத்தில் மாற்றம் செய்வதுதான் வேலை என்றால் திருத்துவே பொருத்தம். பல துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்குவது தொகுத்தல். திரைப்படத்துக்கு அது சரி. பதிப்பகத்தில் வாக்கிய அமைப்பு, தகவல், ஒருமைப்பாடு எல்லாம் பார்க்கும் வேலையைச் செம்மையாக்கம் என்று பிரித்துச் சொல்வது நல்லது, இல்லாவிட்டால் மெய்ப்புக்குக் கொடுக்கும் கூலியை அதற்கும் கொடுத்துவிடுவார்கள். இன்னொன்று, உரிமைப் பக்கத்தில் ‘திருத்திய இரண்டாம் பதிப்பு’ என்று போட உள்ளே உண்மையான மாற்றம் இருக்க வேண்டும். அதே கோப்பை மறுபடி அச்சுக்கு அனுப்பினால் அது இரண்டாம் அச்சு மட்டுமே.